மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள...

மும்பைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. இதுல முதல் பன்னெண்டு வருஷத்துல நான் பார்த்த மராத்தி நாடகங்களோட எண்ணிக்கை: பூஜ்ஜியம்.

இத்தனைக்கும் நான் சின்ன வயசுலேர்ந்தே நாடகப் பைத்தியம். மானாமதுரைப் பக்கம் எங்க ஊர் திருவிழாவுல விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து, மறுநாள் வகுப்புல தூங்கி அடி வாங்கினவன். சென்னையிலிருந்து ஏதாவது குழு வந்து சண்முகானந்தாவுல நாடகம் போட்டா, முதல் நாளே டிக்கெட் வாங்கிடுவேன். சிரிப்போம், இடைவேளையில தெரிஞ்ச நாலு முகத்தைப் பார்ப்போம், 'ஊருக்கு எப்போ போறீங்க?'ன்னு கேட்டுப்போம், வீட்டுக்கு வருவோம்.

இதுல தப்பு ஒண்ணுமில்லை. ஆனா நான் போனது நாடகம் பார்க்கவா, ஊரைப் பார்க்கவா? யோசிச்சா ரெண்டாவதுதான்னு தோணுது.

2019ல ஒரு ஞாயித்துக்கிழமை. அப்போ எட்டாவது படிச்சிட்டிருந்த பொண்ணு, மராத்தி டீச்சர் சொன்னாங்கன்னு 'சங்கீத் தேவபாபளி' பார்த்தே ஆகணும்னு பிடிவாதம். தங்கமணியும் அவ கட்சி. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லிப் பார்த்தேன், எடுபடலை. தாதர்ல பிளாசா தியேட்டர் பக்கத்துல இருக்கற சிவாஜி மந்திர் வாசல்ல போய் நின்னேன். எனக்குத் தெரிஞ்ச மராத்தி மொத்தமே 'புடே சலா', 'கிதி ஜாலே' ரெண்டும்தான். பஸ்ல ஒண்ணு, காய்கறிக் கடையில ஒண்ணு :-)

பிராஜக்த் தேஷ்முக் எழுதி இயக்கி 2017ல மேடையேறின இசை நாடகம் அது. மேடையில ரெண்டே பெண்கள். ஒருத்தி துக்காராமோட மனைவி ஆவளி. மலைமேல உக்காந்து விட்டலனைப் பாடிட்டிருக்கற புருஷனுக்குச் சோறு கொண்டு போறவ காலுல முள்ளு குத்தி மயங்கி விழுந்துடறா. கர்ப்பிணி வேற. அவளைப் பார்த்துக்க ரகுமாயியே, அதாவது விட்டலனோட மனைவியே, வேற பேருல வீட்டுக்கு வர்றா. பாபள்னா வேறெதுவும் இல்லை, நம்ம ஊர் கருவேலம்தான். எங்க ஊர்ல செருப்பு இல்லாம நடந்தவனுக்கு அந்த முள்ளைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டாம்.

வீட்டுல அரிசி இல்லை, புருஷன் சாமியே கதின்னு கிடக்கான். ஆவளி விட்டலனை 'கறுப்பா'ன்னு கூப்பிட்டுத் திட்டறா. அரங்கமே சிரிக்குது. பொண்ணு சிரிக்கறா. தங்கமணி சிரிக்கறாங்க (பக்கத்து வீட்டு மாமிகளோட பேசிப் பேசி அவங்களுக்கு மராத்தி அத்துப்படி). நான் மட்டும் முழிக்கறேன். பொண்ணு காதுகிட்ட குனிஞ்சு "என்னம்மா சொன்னா?"ன்னு கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன்பா, சும்மா இரு."

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அது என் வசனம். தமிழ் நாடகத்துக்குப் போனப்பல்லாம் அவ என் சட்டையை இழுத்து "இப்ப ஏன் எல்லாரும் சிரிக்கறாங்க?"ன்னு கேட்பா. ஒவ்வொரு தடவையும் "அப்புறம் சொல்றேன், சும்மா இரு"ம்பேன். அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. பொண்ணுக்குத் தமிழ் மேல ஆசையே இல்லைன்னு ஊர்ப்பக்கம் எத்தனை பேருகிட்ட அலுத்துக்கிட்டிருப்பேன்! புரியாத இடத்துல உக்கார்ந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதனாலதான் சொல்றேன் மக்களே, பிழைக்க வந்த ஊரோட நாடகத்துக்குக் குடும்பத்தோட போங்க. அந்த ஊர் மொழியிலேயே பாருங்க.

பாஷை புரியாதேம்பீங்க. வள்ளி திருமணத்துல ராஜபார்ட் விருத்தம் பாடினப்போ நமக்கு எல்லா வார்த்தையுமா புரிஞ்சுது? ஆர்மோனியத்தையும் பபூனையும் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காரலையா? மேடையில கண்ணு, கை, குரல் எல்லாம் சேர்ந்து பேசும், பாதி புரிஞ்சாலே போதும். அதுவும் இந்தப் பாட்டு நாடகம் நமக்கு அந்நியமே இல்லை. இங்கே பால கந்தர்வர் பாடி நடிச்ச காலத்துலதான் அங்கே கிட்டப்பா பாடி நடிச்சார். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் சாஹஜி (1684-1712) நம்ம மண்ணுல உக்காந்துதான் மராத்தியில நாடகம் எழுதினார்.

போன்ல பார்த்துக்கலாமேன்னும் சொல்வாங்க. போன்ல நடிக்கறவருக்கு நீங்க இருக்கறது தெரியாது. மேடையில தெரியும். நாம சிரிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்து அடுத்த வசனம் சொல்வார். நாம இருமினாக்கூட அவருக்குக் கேட்கும். இன்னிக்கு நடந்தது நாளைக்கு அப்படியே நடக்காது.

காசும் பெரிய விஷயமில்லை. மல்டிபிளெக்ஸ்ல டிக்கெட்டோட பாப்கார்னும் வாங்கற செலவுதான் ஆகும். மராத்திக்காரங்க காசு குடுத்து வந்து பார்க்கறதாலதான் அந்த மேடை நிக்குது. 2022 நவம்பர்ல பிரசாந்த் தாம்லேங்கற நடிகர் தன்னோட 12,500ஆவது காட்சியை நடத்தினார். எங்கே தெரியுமா? நாம வருஷத்துக்கு ஒருதரம் போற அதே சண்முகானந்தாவுல. நம்மள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?

முதல் தடவை போறவங்களுக்கு என் அனுபவத்துலேர்ந்து நாலு விஷயம். பாட்டு இருக்கற நாடகமா பாருங்க. கதையை முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள உக்காந்து, போனை அணைச்சுடுங்க. இடைவேளையில படாட்டா வடாவை விட்டுடாதீங்க! பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு ஜே.பி. நகர்ல ரங்கசங்கரா இருக்கு (லேட்டா போனா உள்ளே விட மாட்டாங்க, ஜாக்கிரதை). டில்லிக்காரங்களுக்கு மண்டி ஹவுஸ் இருக்கு.

அன்னிக்கு ராத்திரி நாடகம் முடிஞ்சு தாதர் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியெல்லாம் பொண்ணு ஒவ்வொரு காட்சியா எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா. தப்பும் தவறுமான தமிழ்தான். ஆனா அவ அவ்வளவு நேரம் என்கிட்ட தமிழ்ல பேசினதே இல்லை. ஆவளி திட்டினதைச் சொல்லத் தமிழ்ல வார்த்தை கிடைக்காம நின்னவளுக்கு நான் ரெண்டு மூணு எடுத்துக் குடுத்தேன் (நம்ம ஊர்ல திட்டறதுக்கா பஞ்சம்!).

இப்போ எங்க வீட்டுல ஒரு ஒப்பந்தம் இருக்கு. மராத்தி நாடகம்னா அவ எனக்குச் சொல்லணும், தமிழ் நாடகம்னா நான் அவளுக்குச் சொல்லணும். 'அப்புறம்' கிடையாது, அன்னிக்கே, ஸ்டேஷன் போறதுக்குள்ள சொல்லி முடிச்சாகணும்.