தூக்கம் போனது எதனால்?

நாமக்கல் பக்கம் ஒரு லாரிக்காரர் வீட்டில் இப்படி நடக்கலாம். நாலு நாளாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. விடிய விடிய வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறார். "தவணை கட்ட வேண்டும் அல்லவா, அத்தை? அந்தக் கவலைதான்" என்கிறாள் மனைவி. "கவலைப்படுகிறவனா நேற்று இன்னும் இரண்டு லாரிக்கு முன்பணம் கொடுத்தான்?" என்று கேட்கிறாள் தாய்.

தாய் கேட்டது சரியான கேள்வி.

பதற்ற நோய் வேறு. மேனியா எனப்படும் மனவெழுச்சி நோய் வேறு. இரண்டிலும் தூக்கம் கெடும், பேச்சு வேகப்படும், ஓரிடத்தில் உட்கார முடியாது. பார்க்கிறவர் குழம்புவதில் வியப்பில்லை.

ஆனால் பதற்றக்காரர் தூங்க ஆசைப்படுகிறார், தூக்கம் வரவில்லை, மறுநாள் துவண்டு போகிறார். மேனியாக்காரரோ இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் புது ஆளாக எழுகிறார். தூக்கமே எதற்கு என்கிறார்! பதற்றக்காரர் ஒரே பயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார், பத்து ரூபாய் செலவழிக்கவும் தயங்குவார். மற்றவர் கோழிப் பண்ணையில் தொடங்கிச் சேகோ ஆலைக்குத் தாவி, அங்கிருந்து தேர்தலுக்குப் போய்விடுவார். பணம் தண்ணீராய் ஓடும். தடுத்தால் கோபம் வரும். தமக்கு வியாதி என்று ஒப்பவே மாட்டார். இப்படி ஒரு வாரம் நீடித்தால் அது வெறும் உற்சாகமல்ல. இரண்டும் ஒருவரிடமே கலந்து வருவதும் உண்டு. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதே போல் தோன்றும். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

பெயர் எதுவானால் என்ன என்று இருந்துவிட முடியாது. பதற்றத்துக்கும் சோர்வுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், மேனியா வரக்கூடியவருக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டால் அதையே கிளப்பிவிடலாம். நோயாளி பெரும்பாலும் சோர்ந்திருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறார். போன வருஷம் ஊரையே விலை பேசிய கதையை அவர் சொல்லமாட்டார். வீட்டார்தாம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்பதையும் மறைக்கக் கூடாது. பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கொஞ்சமா?

மருந்து இல்லாத வியாதியுமல்ல இது. லித்தியம் மேனியாவை அடக்கும் என்று 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதினார். இன்றும் அது பயன்படுகிறது. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேலத்திலிருந்து திருச்சி போகும் சாலையில் குணசீலம் இருக்கிறது. மனம் கலங்கியவர்களை அழைத்து வந்து 48 நாள் தங்கவைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். பெருமாளைக் கும்பிடுவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போகலாமா? சங்கிலியில் கட்டிப் போடலாமா? 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். போகும்போது அந்தத் தாய் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும்: எத்தனை மணி தூங்கினான், எவ்வளவு செலவழித்தான், எந்தத் தேதியிலிருந்து. டாக்டருக்கு அது பெரிய உதவி. லாரிச் சாவியை மட்டும் அன்றிரவே எடுத்து ஒளித்து வைத்துவிட வேண்டும்.