ஆசையை விடாதீர்கள், அளவைக் குறையுங்கள்!

பெண்கள் பத்திரிகையில் ஆகாய விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், சகோதரிகளே! விமானக் கதை மாதிரி தோன்றினாலும், உள்ளே இருப்பது நம் வீட்டு வரவு செலவுக் கணக்குதான்.

என் அண்ணன் மகள் கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே தனியார் விமானி லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது. சொந்த ஆசைக்குப் பறக்கலாம், வீட்டு மனிதரையோ சிநேகிதியையோ ஏற்றிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். தான் சம்பாதித்த பணத்தில் 2018-ல் அந்த லைசென்ஸை வாங்கினாள். சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. குறைந்தது 45 மணி நேரம் பறந்து பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தன்னந்தனியாக! வானிலை, சட்டம், வழி கண்டுபிடிப்பது என்று எழுத்துப் பரீட்சைகள் வேறு.

சரி, வாங்கியாயிற்று, செலவு முடிந்தது என்றால் அதுதான் இல்லை. தையல் மிஷினை மூலையில் போட்டு வைக்கிற மாதிரி இதைப் போட்டு வைக்க முடியாது. கைப்பழக்கம் விட்டால் உயிருக்கு ஆபத்து. அப்போதைய விதிப்படி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கடைசி 12 மாதத்தில் 12 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். அவள் போன கிளப்பில் இரண்டு பேர் உட்காரும் செஸ்னா விமானத்துக்கு மணிக்கு வாடகை 200 பவுண்டு. 12 மணிக்கு 2,400 பவுண்டு!

குழந்தை பிறந்தது. வீட்டுக் கடன் தவணை ஒரு பக்கம், குழந்தைக் காப்பகக் கட்டணம் ஒரு பக்கம். 2022-ல் ஒரு நாள் போனில் சொன்னாள்: "அத்தை, லைசென்ஸை விட்டுடலாம்னு இருக்கேன். குழந்தைக்கு ஆகிற பணத்தை ஆகாசத்துல கரைக்கிறேனோன்னு மனசு உறுத்துது."

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். வீணைக்கு உறை போட்டாயிற்று. இந்திப் பரீட்சை பாதியில் நின்றாயிற்று. "குழந்தை பெரிசாகட்டும்" என்கிறோம். குழந்தை பெரிசானதும் நமக்கு விரல் வளைவதில்லை.

"அடியே, அடியோட விடறதுக்கு முன்னாடி, அதையே சின்ன அளவுல செய்ய வழி இருக்கான்னு விசாரிச்சுப் பாரேன்" என்றேன். விசாரித்தாள். வழி இருந்தது. அதன் பெயர் மைக்ரோலைட்.

மைக்ரோலைட் என்பது எடை குறைந்த குட்டி விமானம். இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது. ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மொத்தம் 450 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. 2021-ல் இங்கிலாந்தில் அதை 600 கிலோவாக உயர்த்தினார்கள்.

செலவு எங்கே குறைகிறது என்று கேட்டேன். கணக்குச் சொன்னாள். செஸ்னா மணிக்கு 22, 23 லிட்டர் குடிக்கும், அதுவும் விலை கூடிய விமானப் பெட்ரோல். இவள் ஓட்டும் மைக்ரோலைட்டுக்கு 12, 13 லிட்டர். கார் பெட்ரோலே போதும். புல்தரையிலேயே இறங்கலாம். எண்ணெய் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைச் சொந்தக்காரர்களே செய்துகொள்ளலாம். எல்லாவற்றையும் விட, ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே விமானத்தை வைத்திருக்கிறார்கள். கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஐந்து பங்கு. நம் வீட்டுச் சீட்டுக் கணக்கு மாதிரிதான்!

புதிதாகக் கற்பவருக்கு மைக்ரோலைட் லைசென்ஸுக்குக் குறைந்தது 25 மணி நேரப் பயிற்சி வேண்டும். இவளிடம் பெரிய லைசென்ஸ் இருந்ததால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஆசிரியரோடு தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டே தீர வேண்டும். காரணம் இருக்கிறது. லேசான விமானம் காற்றில் அதிகம் ஆடும். இன்ஜின் வேகத்தைக் குறைத்தால் சட்டென்று மெதுவாகிவிடும். துணிச் சிறகு வைத்த இன்னொரு ரகம் உண்டு. அதில் பிடியை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே போகும், பின்னால் இழுத்தால் கீழே போகும். சாதாரண விமானத்துக்கு நேர் எதிர்! அவசரத்தில் பழைய கைப்பழக்கம் வந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் வழக்கமான விமானம் போலவே ஓட்டும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

இருட்டில் பறக்கக் கூடாது, மேகத்துக்குள் நுழையக் கூடாது. எடையும் கறாராகப் பார்க்க வேண்டும். இவர்களுடையது பழைய 450 கிலோ ரகம். விமானம் மட்டும் 270 கிலோ. மிச்சம் 180. அதில் 40 லிட்டர் பெட்ரோல் 29 கிலோ போனால், இரண்டு பேருக்கும் பைக்கும் சேர்த்து 151 கிலோதான். "உங்க மாப்பிள்ளை தொப்பையைக் குறைச்சாத்தான் அத்தை ஏத்துவேன்" என்று சிரிக்கிறாள்.

எனக்குப் பிடித்தது இதுதான். வாடகையில், பெட்ரோலில் குறைத்தவள் மூன்று விஷயத்தில் மட்டும் கை வைக்கவில்லை: ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம், வருஷாந்தரப் பரிசோதனை, வானிலை. காற்று பலமாக இருந்தால், ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போயிருந்தாலும் பேசாமல் வீடு திரும்பிவிடுவாள். எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்று தெரிவதுதான் சிக்கனம். மற்றதெல்லாம் கஞ்சத்தனம்.

குட்டி விமானம்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். நம் நாட்டு ஆரோஹி பண்டிட் 2019-ல் லேசு ரக விமானத்தில் தனியாகவே அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டினார். ஜாரா ரதர்ஃபோர்டு என்ற 19 வயதுப் பெண், இதே போன்ற சின்ன விமானத்தில் ஐந்து மாதம் தனியாக உலகைச் சுற்றி 2022 ஜனவரியில் வீடு திரும்பினார்.

என் அண்ணன் மகள் சமுத்திரம் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பறக்கிறாள், அவ்வளவுதான். குழந்தையை அப்பா பார்த்துக்கொள்கிறார். பறப்பதற்கு ஆகும் செலவு முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. மனசு உறுத்தலும் இல்லை.

நாமும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். நாம் நிறுத்தி வைத்தது எது? முழுசாக முடியாவிட்டால் பாதியாக, தனியாக முடியாவிட்டால் நாலு பேர் கூட்டாக, தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு நாளாகச் செய்ய முடியுமா? வீணையின் உறையை இந்த வெள்ளிக்கிழமையே கழற்றிப் பாருங்களேன்!