ஆடவர் நலம் பேண மேடை போதுமா?

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவில் இருப்பது நிலாவெளி. வெளியூரார் இவ்வூரை வெண்மணற் கரைக்காகவும் புறாத்தீவுக்காகவும் அறிவர். ஊரார் அறிந்த நிலாவெளி வேறு. கரைவலை இழுப்போரும், வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைப்போரும், வயலை நம்பி வாழ்வோரும், பட்டினத்துக் கந்தோர்களுக்கு அன்றாடம் பஸ் ஏறிச் செல்லும் உத்தியோகத்தரும் நிறைந்த ஊர் அது. இவ்வூரிலும் இதனையொத்த நூறு ஊர்களிலும் ஆண்மகன் வைத்தியசாலை வாயிலை மிதிப்பது எப்பொழுது? மண்வெட்டி காலைப் பதம் பார்த்தால் மிதிப்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அயலார் தூக்கிச் செல்வர். இவையிரண்டும் நேராதவரையில் தான் சுகதேகி என்பதே அவன் எண்ணம்.

இந்நிலையை மாற்றவென்று ஆண்டுதோறும் நவெம்பர் மாதத்தில் கூட்டங்கள் நடக்கின்றன. நவெம்பர் 19 சர்வதேச ஆண்கள் தினம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 2003-ஆம் ஆண்டு நண்பர் சிலர் விளையாட்டாக மீசை வளர்க்கத் தொடங்கியது, இன்று உலகெங்கும் ஆடவர் நலத்துக்குப் பணந் திரட்டும் பேரியக்கமாகி, நவெம்பர் முழுவதையும் தனக்கென எடுத்துக்கொண்டுவிட்டது. இவற்றை எள்ளி நகையாடுவது எம் நோக்கமன்று. நல்லெண்ணத்தோடு நடைபவனி செல்வோரை யார் குறைகூறுவர்? ஆயினும் ஒன்றைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். பட்டின மண்டபத்தில் பதாகை கட்டி, மங்கல விளக்கேற்றி, காலை பத்து மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு வந்து அமர்வோர் யார்? முன்வரிசையில் அதிகாரிகள், பின்வரிசைகளில் பாடசாலை மாணவரும், வேறு தேவைக்காகக் கிளினிக்குக்கு வந்த தாய்மாரும். நாற்பது வயதைத் தாண்டிய கமக்காரன் அங்கே இல்லை. அவன் பெரும்போக விதைப்பில் நிற்கிறான். (விளம்பரத் துண்டுகளையாவது படிப்பான் என்றால், அவற்றுட் சிலவற்றின் தமிழைப் படித்தால் உள்ள இரத்த அழுத்தம் இன்னும் ஏறும்.)

சொற்பொழிவால் மக்களின் ஆயுள் நீண்டதாக இந்நாட்டுச் சரித்திரத்தில் இல்லை. ஆயுள் நீண்டது வேறு வழியாலாகும். 1946-ஆம் ஆண்டளவில் இலங்கையில் பிறந்த ஆணுக்குக் கணிக்கப்பட்ட ஆயுள் ஏறக்குறைய 44 ஆண்டு; பெண்ணுக்கோ 42-க்கும் குறைவு. பிள்ளைப்பேறு பெண்களை வாரிக்கொண்டு போன காலம் அது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவிற்று. மருத்துவிச்சிமார் படலை திறந்து வீட்டுக்குள் வந்தனர். மலேரியா அடக்கப்பட்டது. 1960-களில் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை முந்திற்று. 2011 முதல் 2013 வரையான கணிப்பின்படி ஆணுக்கு 72 ஆண்டு, பெண்ணுக்கு 78-க்கு மேல். 1996-இல் சுகவனிதையர் கிளினிக்குகளும் தொடங்கப்பட்டன. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களை அழைத்து நோய் வருமுன் பரிசோதிக்கும் ஏற்பாடு அது.

பெண்ணுக்குக் கிடைத்ததைக் குறைத்து ஆணுக்குக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. போர் பல்லாயிரம் பெண்களைத் தனித்து நிற்க வைத்த மாகாணம் இது. ஐம்பது வயதில் ஒருவன் தடுக்கத்தக்க நோயால் மாண்டால், அவன் விட்டுச்செல்லும் கடனையும் காணியையும் பிள்ளைகளையும் சுமப்பவள் பெண்ணே. ஆதலின் ஆடவர் நலமென்பது பெண்களுக்கு எதிரான கோரிக்கையாகாது.

ஆண்களுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றுஞ் சொல்வதற்கில்லை. 2011-ஆம் ஆண்டு முதல் இருபாலாருக்கும் பொதுவாகச் சுகவாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டுள்ளன. இரத்த அழுத்தம், சீனி, எடை யாவும் அங்கே இலவசமாகப் பார்க்கப்படும். அங்கும் வந்து நிற்போரிற் பெரும்பாலோர் பெண்களே என்பதைச் சுகாதாரப் பகுதியாரே பன்முறை ஒப்புக்கொண்டுள்ளனர். வார நாளில், காலை வேளையில், வைத்தியசாலைக்குள் நடக்கும் காரியத்துக்கு நாட்கூலிக்காரன் எவ்வாறு வருவான்? ஒரு நாட் கூலியை இழந்து, வராத நோயைத் தேடிப் பார்க்கச் சொல்வது எளிது; இழப்பவனுக்கன்றோ அதன் பாரம் தெரியும்!

இனி, எந்த நோய்க்கு முதலிடம் என்பதிலும் நாம் கண்ணைத் திறக்கவேண்டும். மேனாட்டு நவெம்பர் இயக்கம் புரொஸ்ட்ரேற் சுரப்பிப் புற்றைப் பெரிதாகப் பேசுகிறது. அந்நாடுகளுக்கு அது பொருத்தமே. இலங்கை ஆடவரிடையே புற்றுநோய்களுள் முதலிடம் பெற்றிருப்பது வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் கூடி, சுருட்டும் சாராயமும் துணைசேர்ந்து விளைப்பது அது. புகையிலையை விட்டுவிட்டோம், பாக்கு மட்டும் போடுகிறோம் என்று ஆறுதல் கொள்வாரும் உளர். பாக்குத் தனித்தே புற்றை விளைக்கும் பொருளென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2004-இல் திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. இரவெல்லாம் கடலில் விழித்திருக்கவும், யானைக்காவலிற் கண்ணயராமல் இருக்கவும் வாயில் ஒதுக்கிய வெற்றிலை, பத்து இருபது ஆண்டுகளிற் கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமாகவோ செம்படலமாகவோ தோன்றும். நோவு இராது. நோவில்லாததால் அவன் கவனியான். ஆறாத புண்ணாகி, வாய் திறக்கவியலாமற் போய், கழுத்திற் கட்டி எழும்பியபின் மகரகமைக்குப் பயணம் தொடங்குகிறது. திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. தாடையில் ஒரு பகுதியை இழந்து திரும்புவோரும் உண்டு, திரும்பாதோரும் உண்டு.

இக்கொடுமையைத் தொடக்கத்திற் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. ஒரு விளக்கு, ஒரு சிறு கண்ணாடி, பழகிய இரு கண்கள், இரண்டொரு நிமிட நேரம். இவை போதும்.

இது வெறுங் கூற்றன்று. 1980-களின் தொடக்கத்திலேயே நம் நாட்டில் ஆரம்ப சுகாதார ஊழியர் 34 பேருக்குப் பயிற்சியளித்து, ஓராண்டுக்குள் 28,000-க்கு மேற்பட்ட கிராமத்தவரின் வாயைப் பார்வையிடச் செய்த பரிசோதனை ஒன்று நடந்தது. டாக்டர்களல்லாதார் இதனைச் செம்மையாகச் செய்யக்கூடும் என்பது அன்றே நிரூபணமாயிற்று. பின்னர் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 2004 வரை, 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் ஏறக்குறைய 1,90,000 பேரைக் கொண்டு பேராய்வு நடந்தது. பாதிப் பகுதிகளில் ஊழியர் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். மற்றப் பகுதிகளில் வழமையான கவனிப்பே தொடர்ந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ள ஆண்களிடையே வாய்ப்புற்றுச் சாவு, பார்க்கப்பட்ட பகுதிகளில் 40 வீதத்துக்கு மேற் குறைந்திருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் முடிந்தது இப்பால் ஏன் முடியாது?

ஆண்களைத் தேடி அவர்கள் கூடுமிடத்துக்கே போவதென்பதும் புதுமையல்ல. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டும் 52 சலூன்களை ஆய்வாளர் தெரிந்தெடுத்தனர். அவற்றுட் சிலவற்றில் மருந்தாளரே வந்திருந்து, முடிவெட்ட வந்தவரின் இரத்த அழுத்தத்தை அளந்து மருந்தும் கொடுத்தார். ஏனையவற்றில் முடிவெட்டுவோர் டாக்டரிடம் போகுமாறு புத்திமதி மட்டும் கூறினர். ஆறு மாதத்தில் முன்னவரின் மேலழுத்தம் 27 புள்ளி இறங்கிற்று; பின்னவருக்கு 9 புள்ளியே இறங்கிற்று. 2018-இல் வெளியான முடிவு இது. புத்திமதிக்கும் வைத்தியத்துக்கும் உள்ள தூரத்தை இவ்விரு எண்களுமே காட்டுகின்றன. தமிழ்நாட்டிலும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற பெயரில் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடிச் செல்கிறது. பின்னர் தொழிற்சாலைகளுக்கும் அம்முறை விரிந்தது.

ஏன், நம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வயலுக்குப் போகத் தெரிந்தவர்களே. எலிக்காய்ச்சல் அச்சமுள்ள காலத்தில், சேற்றில் இறங்குமுன் கமக்காரருக்குத் தடுப்பு மாத்திரை வழங்கப்படுகின்றது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனபின் இப்பணியின் அருமை மேலும் விளங்கிற்று. மாத்திரையோடு வரப்பில் நிற்கும் அதே உத்தியோகத்தர் கையில் அழுத்தம் அளக்கும் கருவியும் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? இதே திருகோணமலை மாவட்டத்துப் பதவி சிறிபுரப் பகுதியிற் காரணம் புலப்படாச் சிறுநீரக நோய் கமக்காரரை, அவருள்ளும் ஆண்களையே மிகுதியாக, வாட்டிவருவதை அறிந்த பின்னரும் தயங்கலாமா?

நாம் வேண்டுவது இதுதான். குச்சவெளிச் சுகாதாரப் பகுதியாரும் நிலாவெளிப் பிரதேச வைத்தியசாலையும் ஆண்டு அட்டவணையைக் கடலையும் வயலையும் பார்த்து வகுக்கவேண்டும். வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் நவெம்பர், டிசெம்பர் மாதங்களில் மீனவர் கரையிற் சும்மா இருக்கின்றனர். அப்பொழுது அவர்தம் வாடிகளுக்குப் போகவேண்டும். சூடடிப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்தபின் கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போகவேண்டும். சலூன், கூட்டுறவுக்கடை, கோவில் திருவிழா, பள்ளிவாசல் முற்றம் எதுவும் விலக்கல்ல. பார்க்கப்படும் நேரம் மாலை ஐந்துக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.

2016-இல் புகையில்லாப் புகையிலைப் பண்டங்கள் சட்டத்தால் தடுக்கப்பட்டன. தெருவோரத்திற் புகையிலை வைத்து மடித்த வெற்றிலைச் சுருள் விற்பதை அச்சட்டம் எங்ஙனம் தொட்டது என்று பிரதேச சபையார் கேட்கவேண்டும். சுகாதாரமோ 13-ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரே நடத்திவந்தார். பல்வைத்தியர் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் கரைக்கு வரவேண்டுமென்று கேட்கவும், கேட்டதற்குப் பதில் பெறவும் மக்கள் பிரதிநிதி ஒருவர் இல்லாத அவலம் எத்தகையது என்பதை இச்சிறு விடயத்திலேயே காணலாம்.

படித்த உத்தியோகத்தருக்கும் இங்கே வேலையுண்டு. ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு மேசையும் ஒரு பதிவுப் புத்தகமும் வைத்து மாலையில் இருவர் அமர்ந்தாற் போதும். ஆனால் அப்புத்தகத்தில் எழுதவேண்டியவை எவை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தனர் என்பதை எவரும் எழுதிவிடலாம். எத்தனை பேரின் வாய் பார்க்கப்பட்டது, அவருள் எத்தனை பேர் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டனர், அனுப்பப்பட்டோரில் எத்தனை பேர் உண்மையிற் போய்ச் சேர்ந்தனர் என்னும் மூன்று கணக்கும் வேண்டும். 1980-களின் அப்பரிசோதனையிலும் அனுப்பப்பட்டவர்களுட் பலர் போகாமலே நின்றுவிட்டனர். ஆகவே மூன்றாவது கணக்கிற் பெயர் விடுபட்டவரின் வீட்டுக்கு மறுகிழமை ஒருவர் போகவேண்டும். அவர் மறுத்தால் அவர் சம்மாட்டியையோ வட்டவிதானையையோ கூட்டிக்கொண்டு மீண்டும் போகவேண்டும்.