ஓடத்தை வண்டியை விட்டு இறக்கணுமா?

ஓடமும் ஒருநாள் வண்டியில ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்துல ஏறும்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிட்டுப் போயிட்டாங்க. ஏறின ஓடம் வண்டியை விட்டு எப்படி இறங்கும்னு யாரும் சொல்லலை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு :-)

படகா, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு பக்கத்தை மூடிடாதீங்க. கார்ல ஸ்டெப்னி மாத்தும்போது ஜாக்கியை நம்பி அடியில கையை விட்ட எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

நான் இருக்கிறது மிச்சிகன்ல, செயின்ட் கிளேர் ஏரிக்குப் பக்கம். பெரும்பாலான வருஷம் குளிர்காலத்துல ஏரி உறைஞ்சு போயிடும். அதனால அக்டோபர் வாக்குல சின்னப் படகெல்லாம் கரையேறிடும். மே மாசம் வரைக்கும் வீட்டு ஓரத்துலயோ படகு யார்டுலயோ தூக்கம்தான். அக்டோபர் பிறந்தாலே எனக்கு இப்படி ஒரு போன் வரும்: "அண்ணே, சனிக்கிழமை சும்மாவா? படகை ட்ரெய்லர்ல இருந்து இறக்கி வச்சிடலாம். நாலு பேர், ரெண்டு ஜாக்கி, ஒரு மணி நேர வேலை. மதியம் நம்ம வீட்டுல பிரியாணி."

பிரியாணிக்கு நான் எப்பவும் தயார். இந்த வேலைக்குத்தான் இல்லை. என் கருத்தை முதல்லயே உடைச்சு சொல்லிடறேன். ட்ரெய்லர்ல வந்த சின்னப் பாய்மரப் படகு, குளிர்காலத்தையும் ட்ரெய்லர்லயே கழிக்கட்டும். இறக்கியே ஆகணும்னா தண்ணியும் மெஷினும் சேர்ந்து இறக்கட்டும். நாம கையால இறக்குறது கடைசி வழி. அதுவும் அவசரம் இல்லாதவங்களுக்கு மட்டும்.

ஏன்னு சொல்றேன்.

தண்ணியில மிதக்கும்போது படகோட எடையை அதோட அடிப்பரப்பு முழுக்கத் தண்ணி தாங்குது. ஒரு இடத்துலயும் குத்தாது. கரைக்கு வந்ததும் அதே எடை நாலஞ்சு புள்ளியில இறங்குது. உடம்பு பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். உள்ள தடுப்புச் சுவர் இருக்கிற இடம் உறுதியா இருக்கும். நடுவுல வெறும் ஓடா இருக்கிற இடத்துல கட்டையைக் குத்த வச்சா மெல்ல உள்வாங்கும். ஒரு நாள்ல தெரியாது. ஆறு மாசம் கழிச்சு மே மாசம் பார்த்தா குழி விழுந்திருக்கும், இல்லைன்னா கதவு சரியா மூடாது.

இதுலயே ரெண்டு ஜாதிப் படகு இருக்கு. அடியில கீல்னு ஒண்ணு உண்டு. காத்து தள்ளும்போது படகு பக்கவாட்டுல போகாம, கவுந்துடாம பிடிச்சு நிறுத்துற கனமான பாகம். நம்ம பக்கம் மரக்கலம் கட்டுறவங்க ஏரான்னு சொல்றதும் இந்த அடிப்பாகத்தைத்தான். சில படகுல இது அசையாம பொருத்தியிருக்கும். ராட் ஜான்ஸ்டன் வடிவமைச்சு 1977ல் இருந்து வர்ற ஜே 24 அந்த வகை. எடை சுமார் 1,400 கிலோ. இந்த மாதிரிப் படகைக் கரையில வைக்கும்போது எடை முழுக்க கீல் மேல உட்காரணும். பக்கத்துல நிக்கிற ஸ்டாண்டு எல்லாம் படகு சாயாம பிடிச்சுக்க மட்டும்தான், தாங்குறதுக்கு இல்லை.

இன்னொரு ஜாதியில கீல் ஒரு கீல்முனையில தொங்கி மேலயும் கீழயும் ஆடும். எங்க ஏரிப்பக்கம் அடிக்கடி பார்க்கிற கேட்டலினா 22 இப்படித்தான், அதுல அசையாத கீல் உள்ளதும் வந்திருக்கு. ஆடுற கீல் உள்ள மாடல் எடை சுமார் 1,000 கிலோ, அதுல கீல் மட்டும் 250 கிலோ இரும்பு. இங்க விஷயம் அப்படியே தலைகீழ். எடையைக் கீல் மேல ஏத்தக்கூடாது. படகோட உடம்பைத்தான் தாங்கணும், அதுவும் நீளமான, மெத்தை சுத்தின பலகையால. கீலுக்கு அடியில தனியா ஒரு கட்டை கொடுத்து, அதோட சொந்த எடையை மட்டும் அது வாங்கிக்கிற மாதிரி விடணும். இல்லைன்னா அந்த 250 கிலோவும் ஆறு மாசம் ஒரு கம்பிக் கயித்துலயும் ஒரே ஒரு முள்ளுலயும் தொங்கிட்டு இருக்கும்.

இப்ப யோசிங்க. நீளப் பலகை, மெத்தை, கீலுக்குத் தனி தாங்கல், இது எல்லாம் ஏற்கனவே எங்க இருக்கு? அந்தப் படகுக்குன்னே அளவெடுத்த ட்ரெய்லர்ல! அதை விட்டு இறக்கி, அதைவிட மோசமான ஒண்ணு மேல உட்கார வைக்கிறதுக்குத்தான் இத்தனை பாடு.

சரி, இறக்கணும்கிறவங்க சொல்ற காரணத்தையும் கேட்போம். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு.

"ட்ரெய்லர் டயர் போயிடும்." உண்மை. ஆறு மாசம் ஒரே இடத்துல எடையோட நின்னா டயர் தட்டையாகும், வெயில்ல வெடிப்பு விடும். இதுக்குப் படகை ஏன் தூக்கணும்? ட்ரெய்லரோட இரும்புச் சட்டத்துக்கு அடியில நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, டயர் மேல இருந்து எடையை எடுங்க. டயருக்கு மேல ஒரு துணியைப் போட்டு மூடுங்க. முடிஞ்சது கதை.

"ட்ரெய்லரை வேற வேலைக்கு எடுத்துக்கலாம்." இது காசு கணக்கு, மதிக்கிறேன். ஆனா பாய்மரப் படகு ட்ரெய்லர்ல வேற என்னத்தை ஏத்தப் போறீங்க? நான் பார்த்தவரைக்கும் அது படகுக்குப் பக்கத்துலயே காலியா நின்னு துருப்பிடிச்சுட்டு இருக்கும்.

"அடியில பெயின்ட் அடிக்கணும், பலகை மறைக்கிற இடத்துக்கு கை போகலை." "கீல் முள்ளை மாத்தணும்." "ட்ரெய்லர் அச்சே போயிடுச்சு, வெல்டிங் பண்ணணும்." இது மூணும் நியாயமான காரணம். மறுபேச்சு இல்லை, இறக்கித்தான் ஆகணும்.

அப்படி வந்தா முதல் வழி எது? ட்ரெய்லர்ல இருந்து படகைப் பிரிக்கிற வேலையை உலகத்துலயே நல்லா செய்யறது தண்ணிதான். வருஷா வருஷம் மே மாசம் ஒரு பைசா வாங்காம செஞ்சு கொடுக்குது. சரிவுப் பாதையில ட்ரெய்லரை இறக்கினா படகு தானா மிதந்து கிளம்பிடும். அப்புறம் யார்டுல ட்ராவல் லிஃப்டுன்னு ஒரு மெஷின் இருக்கும். நாலு சக்கரத்துல நடக்கிற பந்தல் மாதிரி. ரெண்டு அகலமான பட்டையை வயித்துக்கு அடியில கொடுத்து, தண்ணியில இருந்து அலேக்கா தூக்கிட்டு வந்து ஸ்டாண்டு மேல உட்கார வச்சிடும். படகோட நீளத்துக்கு அடிக்கு இவ்வளவுன்னு காசு கேப்பாங்க. கேக்கட்டும். அந்தக் காசுல, படகு அந்தரத்துல நிக்கிற நேரத்துல அடியில யாரும் இருக்க வேண்டாங்கிற வசதியும் சேர்த்தித்தான்.

இந்தப் பதிவையே அதுக்காகத்தான் எழுதுறேன். மூணு வருஷம் முன்னாடி தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக்கு டிரில் மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். வாசல்ல படகு இறக்குற வேலை நடந்துட்டு இருந்தது. பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி ஹாலோ பிளாக் மேல உட்கார வச்சிருந்தாங்க. நான் அதைப் பார்த்ததும் எல்லாரையும் தள்ளி வரச் சொல்லிட்டு இருக்கேன். அவர் பையன், பதினாலு வயசு, உருண்டு போன ஸ்பேனரை எடுக்க அடியில போயிட்டு அப்பத்தான் வெளிய வந்து நிமிர்ந்தான். 'டப்'புன்னு ஒரு சத்தம். பிளாக் ஒண்ணு தூளாயிடுச்சு. படகு அரை அடி இறங்கி ட்ரெய்லர் சட்டத்து மேல உட்கார்ந்தது. அந்தப் பையன் கையில இருந்த ஸ்பேனரை ரொம்ப நேரம் கீழயே வைக்கலை. அவங்கம்மா வெளிய வந்து "என்னடா சத்தம்?"னு கேட்டாங்க, அங்க இருந்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் பதில் வரலை.

ஹாலோ பிளாக் சுவர் கட்டுறதுக்கு. ஒரே மாதிரி பரவுற எடையைத் தாங்கும். ஒரு முனையில குத்துற எடைக்கு, முன்னறிவிப்பு இல்லாம உடையும். மரம் அப்படி இல்லை. நசுங்கும், முனகும், "நான் போறேன்"னு சொல்லிட்டுத்தான் போகும். அந்த முனகல் நமக்குக் கிடைக்கிற பத்து செகண்டு. அதனால, வேற வழியே இல்லாம கையால இறக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்.

கட்டைங்களைக் குறுக்கும் நெடுக்குமா, ரெண்டு ரெண்டா அடுக்குங்க. அடுக்கோட உயரம் அதோட அடி அகலத்தைப் போல மூணு மடங்கைத் தாண்டக்கூடாது. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும், தாங்குறதுக்கு இல்லை. அதுல சீல் கசிஞ்சா சத்தம் போடாம இறங்கும். ஒரு அங்குலம் தூக்கினா உடனே ஒரு அங்குலம் கட்டை வைக்கணும்.

வேலைக்கு முன்னாடி பாய்மரத்தைக் கழட்டிப் படுக்க வச்சிடுங்க. ஆடுற கீலை மேல ஏத்திப் பூட்டுங்க. ட்ரெய்லர் முன்பக்கம் திருகு ஜாக்கி இருக்குமில்லையா, அதை இறக்கினா பின்பக்கம் மேல வரும். அப்ப படகோட பின்பக்க மூலைங்களுக்கு அடியில கட்டையை அடுக்கணும். இப்ப முன்பக்கத்தை ஏத்தினா ட்ரெய்லரோட பின்பக்கம் கீழ போயிடும், படகு கட்டை மேல உட்கார்ந்திடும். முன்பக்கத்துக்கு ஒரு கனமான உத்தரத்தைக் குறுக்கே கொடுத்து, அதோட ரெண்டு முனையையும் ட்ரெய்லர் சக்கரத்தைவிட அகலமா அடுக்குன கட்டை மேல வைக்கணும். ட்ரெய்லரை முன்னால இழுக்கும்போது சக்கரமும் மட்கார்டும் அந்த உத்தரத்துக்கு அடியில போயாகணும். அவ்வளவு உயரத்துக்கு ஒவ்வொரு அங்குலமா, மாறி மாறி ரெண்டு முனையையும் ஏத்தணும். பக்கத்துக்கு ஸ்டாண்டு. அப்புறம் ட்ரெய்லரை உருவிட்டு, அதே மாதிரி ஒவ்வொரு அங்குலமா இறக்கி, தயாரா செஞ்சு வச்சிருக்கிற தொட்டில் மேல உட்கார வைக்கணும். படிக்கவே மூச்சு வாங்குதா? இதைத்தான் ஒரு மணி நேர வேலைங்கறாங்க.

இறக்கி வச்சதோட முடியலை. அசையாத கீல் உள்ள படகுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு, முன்னாடி ஒண்ணுன்னு ஸ்டாண்டு வச்சு, எதிரெதிர் ஸ்டாண்டை சங்கிலியால சேர்த்துக் கட்டணும், நழுவாம இருக்க. ஒவ்வொண்ணுக்கும் அடியில ப்ளைவுட் துண்டு போடணும். நவம்பர்ல பாறை மாதிரி இருக்கிற தரை மார்ச்ல பனி உருகினதும் சேறாகும், ஒரு கால் மட்டும் இறங்கும். தார்ப்பாயை ஸ்டாண்டுல கட்டவே கட்டாதீங்க. காத்துல தார்ப்பாய் படபடன்னு அடிச்சு ஸ்டாண்டை உருவிடும். முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்தா மழைத்தண்ணி பின்பக்க ஓட்டை வழியா வடிஞ்சிடும். தேங்கின தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், ஃபைபர்கிளாஸைப் பிளக்க அது போதும்.

"எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க, ஒண்ணும் ஆகலையே"ன்னு கேப்பீங்க. ஆகாததுதான் ஆபத்து. பத்து தடவை ஒண்ணும் ஆகலைன்னா, பதினோராவது தடவை ஸ்பேனரை எடுக்க அடியில போறவன் யோசிக்கவே மாட்டான். ஒரு டன் எடைக்கு நம்ம அனுபவத்து மேல மரியாதை கிடையாது.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம், கூப்பிட்டா மறுக்க மாட்டோம். நட்புக்காகத் தோள் கொடுப்போம். நல்ல குணம்தான். ஆனா இதுல தோள் கொடுக்கிறதுன்னா நிஜமாவே தோளைக் கொடுக்கிறது. அதனால இந்த அக்டோபர்ல யாராவது கூப்பிட்டா மூணே கேள்வி கேளுங்க. எதுக்கு இறக்குறீங்க? எது மேல உட்கார வைக்கப் போறீங்க? மரக்கட்டை எத்தனை இருக்கு? மூணுக்கும் ஒழுங்கா பதில் வந்தா போய் உதவுங்க, குழந்தைங்களை உள்ள அனுப்பிட்டு. வரலைன்னா யார்டு மெஷினுக்கு ஆகுற காசுல உங்க பங்கா ஒரு இருபது டாலர் போட்டுட்டு வாங்க. பிரியாணியை விடாதீங்க.