ஊழியம் என்னும் பழைய சொல்

செவிலியம் ஒரு திருப்பணியாம். உடல், மனம், ஆன்மா மூன்றுக்கும் முழுமையான பராமரிப்பாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதையே 'ஊழியம்' என்கிறார்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லா வேலை. புலையரும் பறையரும் நாடாரும் அரசுக்குச் செய்த கட்டாய உழைப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. விலக்குப் பெற்ற அதே சபைக்குள் அந்தச் சொல்லே பரிசுத்தப்பட்டு உட்கார்ந்துகொண்டது!

மலம், மூத்திரம், சீழ், ரத்தம், இதெல்லாம் தொட்டால் தீட்டு என்றது சாதி. மேல்சாதிப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளில் இறங்கியவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். அதில் நம் பெண்கள் ஏராளம்.

எங்க சித்தி 31 வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சம்பள உயர்வு கேட்டப்ப, "சிஸ்டர், நீங்க மனுஷனுக்கா வேலை செய்யிறீங்க? ஆண்டவருக்கில்ல!" என்றாராம் நிர்வாகி. "அப்ப எம் மவளுக்கு ஃபீஸ் கட்டச் சொல்லி ஆண்டவர்கிட்டயே சொல்லுங்கய்யா"ன்னுட்டு வந்திருக்கு சித்தி. அந்த நிர்வாகியும் அதே ஆண்டவருக்குத்தான் வேலை செய்கிறார். அவர் சம்பளம் மட்டும் ஊழியமாக மாறுவதில்லை.

விட்டுட்டு அரசு வேலைக்குப் போகலாமே என்பீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை குறுக்கே நிற்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவத் தலித்துக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். குடியிருப்பது சேரியில், அட்டவணையில் மட்டும் இடமில்லை. அரசு மறித்த பெண் மலிவாகக் கிடைக்கிறாள். அந்த மலிவுக்குச் சபை வைத்த பெயர் அர்ப்பணிப்பு. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. எத்தனை ஆயர்கள் அதைப் படித்தார்கள்?

அமெரிக்காவில் 1980களில் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய சபைச் செவிலியர் முறை இங்கேயும் வேண்டும் என்கிறவர்கள் உண்டு. வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, மருந்து சரிபார்த்து, ஜெபித்து வரும் நர்ஸ். வரட்டும். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பிய கிறிஸ்தவம் இது. சேரி நர்ஸ் ஊர்த்தெரு வீட்டு அடுப்படியில் தண்ணி மொண்டு மாத்திரை கொடுக்க விடுவானா? திண்ணையோடு நிற்கும் பராமரிப்பு எந்தக் கணக்கில் முழுமை?

சம்பளப் பதிவேட்டை முதலில் மேசைமேல் வையுங்கள். யார் நர்சிங் சூப்பரின்டெண்ட், யார் வார்டு ஆயா, யார் எந்தத் தெரு என்று பார்த்துவிட்டு ஆன்மாவைப் பற்றிப் பேசுவோம்.