மூன்றாண்டு உழைப்பும் மூன்றாவது வாரமும்

மொன்றியல் நகரின் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் நெடுங்காலமாக உழைத்துவரும் நம்மவர் பலர், ஊதியத்துடன் கூடிய விடுமுறையை முதலாளியின் கருணையென்றே கருதுகின்றனர். உண்மையில் அது சட்டம் வழங்கிய உரிமையாகும்.

கியூபெக் மாகாணத் தொழிற் சட்டத்தின்படி, வழமையாக மே 1 முதல் ஏப்ரல் 30 வரையான காலமே கணக்காண்டு. அதன் முடிவில் ஓராண்டுச் சேவை உடையவருக்கு இரண்டு வார விடுமுறையும் மொத்த ஊதியத்தில் 4 சதவீதமும் உரித்தாகும். மூன்றாண்டு தொடர்ச்சேவை உடையவருக்கு மூன்று வாரமும் 6 சதவீதமும் கிடைத்தல் வேண்டும். முன்னர் இதற்கு ஐந்தாண்டுச் சேவை தேவைப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் அது மூன்றாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, வரி கழிக்குமுன் ஆண்டுக்கு 30,000 டொலர் ஈட்டும் மூன்றாண்டுத் தொழிலாளி பெறவேண்டியது 1,200 டொலர் அன்று, 1,800 டொலர்.

இங்கு கவனிக்க வேண்டியது 'தொடர்ச்சேவை' என்னும் சொல். நிறுவனம் கைமாறும்போது, "இன்றுமுதல் நீர் புதியவர்" என்று கூறப்படுமாயின், அதனைச் சட்டம் ஏற்பதில்லை. உரிமையாளர் மாறினும் பழைய சேவைக்காலம் அறுபடாது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. இருபதாண்டு உழைத்தவருக்கும் மாகாணச் சட்டம் தருவது அதே மூன்று வாரமே. அதே நகரில், மத்திய அரசின் சட்டத்துக்குட்பட்ட வங்கி ஊழியருக்கோ 2019 செப்டம்பர் முதல் பத்தாண்டுச் சேவைக்கு நான்கு வாரம் உரித்தாகிறது. நீண்டகால உழைப்புக்கு ஒரே நகரில் இரு அளவுகோல்கள் இருப்பது நியாயமாகாது.

சட்டம் திருந்தும்வரை, உள்ளதையேனும் இழவாதிருப்போம். வேலையில் சேர்ந்த திகதிக்கான சான்றையும் சம்பளத் துண்டுகளையும் பேணி வைப்பது அதற்கான முதற்படியாகும்.