பின்வாங்கும் ஓர் எழுத்து

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் ஓடும் மகாவலியின் நீர், சற்றுத் தூரத்திலேயே பொல்கொல்லை அணையில் மறிக்கப்பட்டு, ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திரும்பி, வடக்கே அநுராதபுரத்துக் குளங்களையும் வயல்களையும் சென்றடைகிறது என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளும் அறிவார்கள். 1976இல் அணை திறக்கப்பட்டபின் அவ்வறண்ட பூமி செழித்தது மெய். ஆயினும் வயல்நீரில் கியூலெக்ஸ் நுளம்பு பெருக, குடியேறியோரின் ஜீவனோபாயமாகப் பன்றி வளர்ப்பும் வந்து சேர, பன்றியின் இரத்தத்தில் பெருகிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் நுளம்பின் வழியாக மனிதரைப் பற்றி, 1985இன் இறுதியில் தொடங்கிய சில வருஷங்களுக்குள் நூற்றுக்கணக்கானோரைப் பீடித்தது.

1988இல் தடுப்பூசித் திட்டம் ஆரம்பமாயிற்று. 2009 முதல் நம் கிளினிக்குகளில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு ஏற்றப்படுவது, எஸ்ஏ 14-14-2 என்னும், வீரியம் குறைக்கப்பட்ட உயிர்வைரஸ். சீன தேசத்து விஞ்ஞானிகள், 1954இல் ஸியான் நகரத்து நுளம்புகளிலிருந்து எடுத்த வைரஸை வெள்ளெலியின் சிறுநீரகக் கலங்களில் மீண்டும் மீண்டும் வளர்த்துச் சாதுவாக்கினார்கள். வைரஸின் மரபுச்செய்தியான ஆர்.என்.ஏ.யில் எந்த எழுத்து மாறியதால் அது சாதுவாயிற்று என்பதை அக்காலத்தில் அவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

நமது கலத்திலுள்ள ரைபோசோம், ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளை மும்மூன்றாக வாசித்தே புரதத்தைக் கட்டுகிறது. வைரஸோ, ஓரிடத்தில் வழுக்கலான ஏழு எழுத்துகளை வைத்து, அதற்குச் சற்று அப்பால் ஆர்.என்.ஏ.யை மடித்து ஒரு முடிச்சையும் இட்டுவிடுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறி திணறி நின்று சற்றே பின்னுக்கு உருள்வது போல, முடிச்சில் முட்டிய ரைபோசோம்களுள் சில ஓரெழுத்துப் பின்வாங்குகின்றன. அக்கணத்திலிருந்து மும்மூன்றின் பிரிவே மாறிப்போவதால், அதே எழுத்துகளிலிருந்து வேறொரு புரதம் பிறக்கிறது. மூளைக்காய்ச்சல் வைரஸ் இவ்வாறுதான் தன் என்எஸ்1 புரதத்துக்கு 52 அமினோ அமிலங்கள் கொண்ட வாலொன்றைச் சேர்த்துக்கொள்கிறது. கொரோனா வைரஸும் இதே வித்தையின்றித் தன்னைப் பிரதியெடுக்க மாட்டாது.

இவ்வழுக்கல் முதன்முதலில் கண்டறியப்பட்டது, கோழிக்குப் புற்றுநோய் தரும் ரௌஸ் வைரஸில். அநுராதபுரத்தில் நோய் பரவத் தொடங்கிய அதே 1985இல், டைலர் ஜாக்ஸ், ஹரோல்ட் வார்மஸ் என்னும் இருவர் அதை வெளியிட்டார்கள். கோழி வைரஸுக்கும் நம் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், உத்தரம் சொல்ல அவர்களாலும் முடிந்திராது.

பின்னர், அன்ட்ரூ ஃபேர்த்தும் ஜோன் அட்கின்ஸும் மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பத்திலும் இத்தகைய வழுக்கல் உண்டென்று 2009இல் முன்னுரைத்தார்கள். அடுத்த ஆண்டிலேயே ஆய்வுகூடத்தில் அது நிரூபணமாயிற்று. நமது ஊசியின் வைரஸையும் ஆராய்ந்தபோது, முடிச்சுள்ள பகுதியில் ‘ஜி’ என்னும் ஓரெழுத்து ‘ஏ’ ஆகியிருக்கக் கண்டார்கள். அம்மாற்றத்தால் அமினோ அமிலம் மாறுவதில்லை. ஆகையால் அதை அற்பமெனவே எவரும் ஒதுக்கியிருப்பர். ஆனால் அதனால் வழுக்கல் நின்றது, வால் முளைத்த புரதம் பிறக்கவில்லை. அப்புரதத்தை இழந்த வைரஸ், சோதனை எலிகளில் வீரியம் குன்றியதாகவும் காணப்பட்டது. ஊசியின் சாந்தகுணத்துக்கு இது ஒன்றே காரணமன்று, வைரஸின் மேலுறைப் புரதத்தில் நேர்ந்த மாற்றங்களுக்கு அதில் பெரும்பங்குண்டு; எனினும் அனுபவத்தால் செய்த மருந்துக்கு அறிவு பின்னர் வந்து காரணம் கூறியது, அதிலும் கோழிகளின் வழியாக வந்து கூறியது, என் அபிப்பிராயத்தில் சாமானிய விஷயமன்று.

உயிருள்ள வைரஸையா குழந்தைக்கு ஏற்றுகிறார்கள் என்று அஞ்சும் தாய்க்கு, பயப்படாதீர்கள் என்பதோடு நில்லாமல் ஏன் பயமில்லை என்றும் எடுத்துச்சொல்ல இத்தகைய ஞானமே துணை செய்கிறது. ஆதலால், பேராதனையிலோ வேறெங்கோ ஓர் இளம் ஆராய்ச்சியாளர், எவரும் பொருட்படுத்தாத ஒரு வைரஸின் முடிச்சை ஆராய நிதி கேட்டு வரும்போது, “இதனால் என்ன பிரயோஜனம்?” என்பதை முதற்கேள்வியாக வைக்காதிருக்குமாறு, நிதி ஒதுக்கும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.